ஃபேக்ஸில் ஏறிய மஞ்சள்

விழுப்புரம் தனி மாவட்டமான பிறகு எங்கள் பத்திரிகை அங்கே ஓர் அலுவலகம் திறந்தது. திண்டிவனம் நிருபரான எனக்கு ஒரு ஃபேக்ஸ் மிஷின் கொடுத்தார்கள். அதுவரை செய்தியைக் கவரில் போட்டு விழுப்புரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவேன். கண்டக்டர் மறந்துவிட்ட நாட்களில், திண்டிவனத்தில் எதுவும் நடக்கவில்லை என்று மாவட்டம் நம்பியது.

மிஷின் வந்த வாரமே, இனி கிராமங்களின் குறைகள் நொடியில் தலைநகரம் சேரும் என்று ஒரு கட்டுரை எழுதி, அதையும் ஃபேக்ஸிலேயே அனுப்பினேன். அச்சில் வந்தது. குறைகளுக்காகக் காத்திருந்தேன். முதலில் வந்தது ஒரு ஜாதகம்.

"தபால்ல போவ நாலு நாளு ஆவுது தம்பி. அதுக்குள்ள மாப்ளைக்கு வேற எடத்துல முடிஞ்சிடுது" என்றார் கொண்டுவந்தவர். மறுக்க முடியவில்லை. பிறகு வளவனூரிலிருந்து வந்தார்கள், வானூரிலிருந்து வந்தார்கள். ஒருவர் குடிநீர்க் குழாய் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஆவலாகப் பேனாவைத் திறந்தேன். அவர் பேசிக்கொண்டே பையிலிருந்து மகளின் ஜாதகத்தை எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் நிருபர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜாதக மிஷின் என்றால் கை காட்டினார்கள். மிஷின் எதற்கு என்று செய்த கம்பெனி ஒன்று நினைத்திருக்கும், பத்திரிகை ஒன்று நினைத்தது, நான் ஒரு கட்டுரையே எழுதினேன். எங்கள் மூவரையும் கேட்காமல் ஊர் முடிவெடுத்துவிட்டது.

நல்ல காரியத்துக்குப் போகும் காகிதம் வெறுமனே போகக் கூடாது. மூலைகளில் மஞ்சள் வைத்துத்தான் கொண்டுவருவார்கள். சிலர் என் வாசலில் நின்று ஈரத்தோடு தடவுவார்கள். காகிதம் உள்ளே நுழையும் இடத்தில் மிஷினுக்கு ஒரு கண்ணாடிப் பட்டை உண்டு. அதில் மஞ்சள் ஒட்டிக்கொண்டால், அப்புறம் அனுப்பும் எல்லாப் பக்கங்களிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு விழும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. விழுப்புரத்து உதவி ஆசிரியர்தான் போனில் கேட்டார்.

"ஏன்யா, நீங்களே உங்க நியூஸ் மேல கோடு போட்டு அனுப்பறீங்க? அது எங்க வேலையாச்சே."

காரணத்தைச் சொன்னேன்.

"அப்ப உம்ம மிஷினுக்கு மஞ்சக்காமாலை. கீழாநெல்லி அரைச்சுக் குடும்."

என் அறைக்குப் பின்னால் குடியிருந்த ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு ஒரே மகள். ஒலக்கூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய். அந்தத் தோஷத்தைச் சொல்லியே பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இப்போது சேலத்தில் ஒரு வரன். அந்தக் குடும்பம் மறுநாள் வேறொரு பெண்ணைப் பார்க்கப் புறப்படுகிறது, அதற்கு முன்னால் ஜாதகம் கைக்கு வந்தாக வேண்டும் என்று தரகர் சொல்லிவிட்டார். அம்மாவும் மகளும் வந்தபோது நான் செய்தி அனுப்பும் நேரம். திறப்பு விழாவுக்கு முன்பே இடிந்த ஒரு சிறுபாலம் பற்றிய செய்தி. அது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"எங்களுத ஜல்தியா அனுப்பிடுங்க தம்பி. உங்க பாலம் எங்க போயிடப் போவுது?"

அது போய்விட்டதுதான் செய்தி என்று நான் சொல்லவில்லை. அம்மா மஞ்சள் தடவிக் கொடுத்தார். ஜாதகம் போனது.

பாலத்தை நான் மிஷினில் வைக்கப் போனபோது, ஃபேக்ஸ் போகிற அதே லைனில் போன் அடித்தது. மாப்பிள்ளை வேலை செய்த மில் ஆபீசில்தான் அங்கே ஃபேக்ஸ் இருந்தது. ஆகவே பேசியது மாப்பிள்ளையே.

"பன்னெண்டு கட்டம் இருக்க வேண்டிய இடத்துல பதினாலு இருக்குதுங்க. எங்க ஜோசியர் இங்கயே உக்காந்திருக்கார். செவ்வாய் நிக்கிறது ஆறுலயா ஏழுலயான்னு கேக்கறார்."

மாப்பிள்ளையின் குரல் ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. நான் கண்ணாடிப் பட்டையின் இயக்கத்தை விளக்கத் தொடங்கினேன். கட்டுரையில் எழுதிய வாக்கியங்கள்தான் வாயில் வந்தன.

"குடுங்க சார்" என்று மகள் ரிசீவரை வாங்கினாள். "அது கட்டத்துக் கோடு இல்லீங்க. எங்கம்மா வச்ச மஞ்சள்."

பெண் மாப்பிள்ளையோடு நேரடியாகப் பேசுவது அந்த வீட்டில் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகும் நடக்காத காரியம். அம்மா திகைத்து நின்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு ஆறு விரல்களைத் தூக்கிக் காட்டினார். ஆறு என்று சொல்லிவிட்டால் தோஷம் தீர்ந்தது. மகள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏழுலதாங்க நிக்குது."

அம்மாவின் ஆறு விரல்களும் தூக்கியபடியே நின்றன.

"அப்பாடா!" என்றது சேலம். "எனக்கும் ஏழுலதாங்க. அதனாலதான் தேடுறோம். ஆறுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்."

அம்மா விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

அவர்கள் போனை வைக்கவில்லை. நான் பாலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றேன். காகிதத்தை ஆட்டிக் காட்டினேன். அவள் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "ஒரு நிமிஷம் சார், கிரகத்தப் பத்திதான் பேசிக்கினு இருக்கோம்" என்றாள். அடுத்து எனக்குக் கேட்டது, "இந்த ஏழாங்கிளாஸ் பசங்கதாங்க ஒரே பேஜாரு." ஏழாம் வகுப்பில் படிக்கும் கிரகம் எது என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. அம்மா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேசட்டும் தம்பி" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு லைன் கிடைத்தபோது விழுப்புரத்தில் பக்கத்தை முடித்துவிட்டார்கள். காலையில் பாலம் இன்னொரு பத்திரிகையில் படத்தோடு இடிந்து கிடந்தது. உதவி ஆசிரியரிடம் லைன் கிடைக்கவில்லை என்றேன். அது உண்மை என்பதால் அவர் நம்பவில்லை.

மாலையில் மகள் தனியாக வந்தாள். கையில் ஈரத்துணி. மிஷினைத் திறந்து கண்ணாடியைத் துடைத்தாள்.

"சேலத்துல எல்லாருக்கும் சம்மதமாம் சார். வர்ற வெள்ளிக்கெழம வராங்க."

சந்தோஷம் என்றேன்.

"இன்னிக்கும் அதே நேரத்துக்குக் கூப்புடுறேன்னாரு. உங்க நியூஸ கொஞ்சம் முன்னாடியே அனுப்பிடுங்களேன்."

"நியூஸ் நடந்தாத்தானேம்மா அனுப்ப முடியும்?"

"நடந்த வரைக்கும் அனுப்புங்க சார்."