வாத்தியார் கொடுத்த ஃபைவ் நைன்

நேற்று ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன்.

ஆயுள் முழுக்க ஹாம் ரேடியோவில் பேசித் தீர்த்த பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புயல் நேரத்தில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியவர்கள் என்றார்கள். உண்மைதான், நானும் கை தட்டினேன்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு உயிரைக் காப்பாற்றியது ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ். (அந்த உயிர்தான் இதை டைப் செய்துகொண்டிருக்கிறது.)

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் அத்தா, அதாவது அப்பா, ராஜபாளையத்தில் மில் எலக்ட்ரீஷியன். லைசென்ஸ் வாங்கி, தானே ஒரு ரேடியோ செட் செய்து, மாடியில் ஏரியல் கட்டி, உலகத்தோடு பேசுவார்.

எங்களோடு பேச மட்டும் நேரம் இருக்காது.

அவர் மைக்கைப் பிடித்தால் தெருவில் உள்ள டி.வி.யில் எல்லாம் படம் நெளியும். ஞாயிற்றுக்கிழமை படத்தில் கதாநாயகி வாயைத் திறந்தால் அத்தா குரல் வரும். ஹாம் வைத்திருப்பவர் வீட்டுப் பக்கம் எல்லா ஊரிலும் இதே கூத்துதான்.

அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரேடியோ சிநேகிதர். மடவார் வளாகத்துப் பக்கம் குடியிருந்த ஒரு வாத்தியார். பல வருடமாகத் தினமும் காலையில் பேச்சு. இங்கிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் போய்விடலாம். இருவரும் ஒருநாள் கூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை!

அப்படி என்னதான் பேசுவார்கள்? 'அங்க மழையா? இங்க வெயிலு. ஓவர்.'

வாத்தியார் வீட்டில் என்ன கம்பியில் ஏரியல் கட்டியிருக்கிறார் என்பது அத்தாவுக்கு மனப்பாடம். அவருக்குப் பிள்ளை குட்டி உண்டா என்று அம்மா கேட்டால், "அதெல்லாம் எதுக்குட்டி கேக்கணும்?" என்பார்.

இன்னொரு மரியாதை உண்டு. எதிராளியின் குரலுக்கு மார்க் போட வேண்டும். தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது. 'ஃபைவ் நைன்' என்றால் முழு மார்க். குறைத்துப் போட்டால் மனம் நோகுமாம். அதனால் எல்லோருக்கும் ஃபைவ் நைன்தான். "ஃபைவ் நைன் சார், கணீர்னு கேக்கு. உங்க பேரு என்ன சொன்னிய? ஒண்ணுமே விளங்கல" என்று அத்தா ஒரே மூச்சில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இந்த நேரத்தில் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக ஜவுளிக்கடை. வீடு எங்கே என்று விசாரித்தால், அந்த வாத்தியாரின் அடுத்த வீடு.

அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எதுக்கு ஊரெல்லாம் போயி விசாரிக்கணும்? காலைல சாரிட்ட கேட்டுருதேன்" என்றார்.

ரேடியோவில் குடும்ப விஷயம் பேசக் கூடாது என்பது விதி. அதனால் நாசூக்காகக் கேட்டாராம்.

"சார், உங்களுக்குத் தெக்க அடுத்தாப்ல ஒரு ஸ்டேஷன் இருக்குல்லா. நம்ம ஸ்டேஷனோட நிரந்தரமா இணைக்கலாம்னு யோசன. ரிப்போர்ட் எப்படி? ஓவர்."

இரைச்சலுக்கு நடுவே வாத்தியார் குரல் வந்தது.

"ஃபைவ் நைன் பாய். ஃபைவ் நைன். ஓவர்."

முடிந்தது. வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று அத்தா அறிவித்துவிட்டார்.

"அத்தா, அவரு எல்லாருக்கும் அதத்தான சொல்லுவாரு?" என்றேன்.

"சாரு பொய் சொல்வாராட்டி?" என்று எகிறினார்.

மறுநாள் அத்தா மில்லுக்குப் போனதும் அம்மா, "ஏட்டி, செருப்பப் போடு, ஸ்ரீவில்லிபுத்தூர் போயி பால்கோவா வாங்கிட்டு வருவோம்" என்றாள்.

வாத்தியார் வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்கவில்லை. மாடியில் ஏரியல் அம்புட்டுத் தூரத்திலேயே தெரிந்தது.

யார் என்று சொன்னதும் வாத்தியார் முகம் செத்துவிட்டது. "பையன்... பரவால்லம்மா... நல்ல..." என்று சுவரைப் பார்த்துப் பேசினார். நேரிலும் ஃபைவ் நைன்!

அவர் மனைவிதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இவிய சொல்ல மாட்டாக. நான் சொல்லுதேன் கேளுங்க அக்கா. அவன் பெத்தவளையே கைநீட்டி அடிக்கவன். அந்தம்மா பாதி நாளு எங்க பின்வாசல்லதான் வந்து அழுதுக்கிட்டு ஒக்காந்திருக்கும். பொண்ணக் குடுத்திராதிய."

அம்மா வாத்தியாரைப் பார்த்தாள். "பொறவு ஏன் சார் நேத்து அப்படிச் சொன்னிய?"

"நான் பேசுனா அவன் வீட்டு டி.வி.ல அப்படியே கேக்குமேம்மா. எப்படிச் சொல்ல?"

"பஸ் ஏறி வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"பாய நான் நேர்ல பாத்ததே இல்ல. திடுதிப்புன்னு எப்படி வாரதுன்னு..."

ஒரு பெண்ணை அடிவாங்க அனுப்பலாம், முன்பின் பார்க்காத சிநேகிதர் வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சம். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

சாயங்காலம் அம்மா எல்லாவற்றையும் அத்தாவிடம் சொன்னாள். அத்தா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. (அவசரப்பட்டுவிட்டேன்.)

அத்தா அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, சாரு ஏரியல எம்புட்டு உயரத்துல கட்டியிருக்காரு, பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் அம்மா. "ஒங்களோடத நாளைக்கு அவுத்துக் கீழ போடுதேன், அதயும் தூக்கிட்டு பஸ் ஏறிப் போயி, ரெண்டையும் அளந்து பாத்துக்கிடுங்க."