ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து அறை

போன வாரம் ஒரு மீட்டிங். பாதியில் படிப்பை விட்டுவிடக்கூடிய பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்கும் திட்டங்களுக்கு நிதி கொடுக்கிற ஒரு சின்ன அறக்கட்டளை. எழுதுகிறவளாயிற்றே, பொறுமையாக வாசிப்பாள் என்று நினைத்தார்களோ என்னவோ... என்னையும் தேர்வுக் குழுவில் போட்டிருந்தார்கள்.

டேப்லெட், ஆப், ஸ்மார்ட் க்ளாஸ் என்று விண்ணப்பங்கள் கலர் கலராக வந்திருந்தன. நடுவில் விளாத்திகுளம் பக்கமிருந்து ஒன்று. கையால் எழுதிய இரண்டே பக்கம். கேட்டிருந்தது ஒன்றுதான் — பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குச் சம்பளம்.

"இது குழந்தைகள் காப்பகம் சம்பந்தப்பட்டது. நம்ம ஸ்கீம்ல வராதே" என்று ஒதுக்கி வைத்தார்கள்.

நான் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிப் பேசினேன். விண்ணப்பம் தேறிவிட்டது. அப்படி என்ன பேசினேன்? உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்தவள் சங்கரேஸ்வரி. எங்களுக்குச் சங்கரி. கணக்கில் புலி. நான் அவளைப் பார்த்து எழுதித்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தது. அவள் வரவில்லை. ஒரு வாரம்... இரண்டு வாரம்... வரவே இல்லை.

அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கு ஒரு திட்டம் வந்திருந்தது. படிப்பை நிறுத்தும் பிள்ளைகளுக்குப் பை, நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ். எங்கிருந்தோ நிதி. அதைக் கவனிக்க தூத்துக்குடியிலிருந்து வந்தவர் ஜெயராணி அக்கா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பச்சை நிற மொபெட். பேசினால் தெருக்கோடி வரை கேட்கும்.

சங்கரியின் வீடு எனக்குத் தெரியும் என்பதால் ஒருநாள் பள்ளி விட்டதும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

சங்கரி வாசலில் நின்றாள். இடுப்பில் எட்டு மாதத் தம்பி. அப்பா வேலை தேடிக் கேரளாவுக்குப் போய்விட்டார். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். பால்வாடியில் இரண்டு வயது ஆனால்தான் சேர்ப்பார்கள். வேறு ஆள் ஏது?

அக்கா புதுப் பையை நீட்டினார். சங்கரி வாங்கி, ஜிப்பை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

"நாளைக்கு வருதியாட்டி?" என்றார் அக்கா.

"இவன எங்கன விட்டுட்டு வரக்கா?"

அக்கா வெளியே வந்து மொபெட்டில் உட்கார்ந்தார். ஸ்டார்ட் பண்ணவில்லை. "பையத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துதேன் பாரு" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மேலிடத்துக்கு இரண்டு கடிதம் போட்டார். பைக்குப் பதில் ஆள் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. பதில் வரவில்லை. தலைமை ஆசிரியையிடம் போய் நின்றார். எங்கள் வகுப்புக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்த ஓர் அறை இருந்தது. அது காலியானது. மிச்சமிருந்த பைகளைக் கடைக்கே திருப்பிக் கொடுத்து, அந்தப் பணத்தில் செல்லத்தாய் என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார். உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் தொங்கின.

சங்கரி திரும்பி வந்தாள். அவளோடு இன்னும் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு தம்பியோ தங்கையோ தூக்கிக்கொண்டு காலையில் வரிசையாக வருவார்கள்.

இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்பது ஒன்று. பாடம் நடக்கும்போது பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழும். சங்கரியின் பேனா நின்றுவிடும். தலையைச் சாய்த்துக் கேட்பாள். அழுகை அடங்கியதும் பேனா மறுபடி ஓடும். அவள் தம்பி இல்லையென்றால் நிற்கவே நிற்காது. ஆறு அழுகையில் தம்பியின் அழுகை எதுவென்று அவளுக்குத் தெரியும்.

வருஷக் கடைசியில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி ஃபைலோடு வந்தார். நல்ல மனிதர். அதட்டவில்லை.

"பைகள் எங்கேம்மா?"

ஜெயராணி அக்கா மழுப்பவில்லை. "திருப்பிக் குடுத்துட்டேன் சார். நல்ல பைதான். ஆனா அது பிள்ளையப் பாத்துக்கிடாதே."

அவர் அந்த அறை வாசலில் ரொம்ப நேரம் நின்றார். தொட்டில் ஒன்றை ஆட்டிக்கூட விட்டார். ஆனாலும் என்ன? திட்டத்தில் இல்லாத செலவு. அடுத்த வருஷத்துக்கு நிதி வரவில்லை. அக்காவின் வேலையும் போயிற்று.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா ஆறு வீட்டு அம்மாக்களையும் அந்த அறையில் கூட்டினார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் இனிமே வர மாட்டேன். செல்லத்தாய்க்கும் சம்பளம் கிடையாது. பிள்ளைங்க அடுத்த வருசம் பத்தாப்பு. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

சங்கரியின் அம்மா எழுந்தார்.

"திங்கக்கெழம நான் இருந்துக்கிடுதேன். ஒரு நாள் கூலி போனாப் போகட்டும்."

"அப்பம் செவ்வாய் எனக்கு" என்றார் இன்னொருவர்.

ஆறு அம்மாக்கள், ஆறு நாள். பத்தாம் வகுப்பு முழுக்க அப்படியே நடந்தது. தொட்டில் ஒருநாள்கூட இறங்கவில்லை. பரீட்சை அன்றைக்கு ஆறு பேரும் வேலைக்குப் போகவில்லை. பள்ளி கேட் பக்கத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் பாஸ். சங்கரி கணக்கில் என்னைவிட இருபது மார்க் கூட.

இன்று அவள் குளத்தூர்ப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர்.

குழுவில் இதைத்தான் சொன்னேன். நிதி கொடுக்கிறவர்கள் எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று வாசல்வரை போய்க் கேட்கிறவர்கள் எத்தனை பேர்? கேட்டவருக்குக் கிடைத்தது என்ன?

அன்று சாயந்திரம் சங்கரிக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், வேறொன்று கேட்டாள்.

"ஜெயராணி அக்கா இப்பம் எங்க இருக்காவன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. தூத்துக்குடியில் விசாரித்துவிட்டேன். அவர் வேறு வேலை தேடிப் போனார் என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை.

"நானும் தேடிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் சங்கரி. "அன்னைக்கு அவிய கெளம்பும்போது நான் வகுப்புல இருந்தேன். டீச்சர் நடத்திட்டு இருந்தாவ, எந்திரிச்சிப் போவ முடியல. அவியகிட்ட ஒரு வார்த்த நான் சொல்லல."

அக்கா, எங்கிருந்தாவது இதை வாசித்தால் இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடுங்கள்... சங்கரி லீவு போட்டுவிட்டு வருவாள்.