அப்பா பிரித்துப் போட்ட ஜீப்

அப்பா எதையும் தொடங்குவதில் கெட்டிக்காரர். கிள்ளானில் நாங்கள் இருந்த வீட்டில் அதற்கான சாட்சிகள் எல்லா மூலையிலும் கிடந்தன. மீன் வளர்க்க வாங்கிய கண்ணாடித் தொட்டியில் அம்மா வெங்காயம் கொட்டி வைத்திருந்தார். பாதிக் கம்பிகள் அறுந்த கித்தார் ஒன்று அலமாரி மேல் படுத்திருந்தது. காளான் வளர்க்கப் பின்பக்கம் கட்டிய தடுப்புக்குள் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது. இவை எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல, எனக்குப் பத்து வயது நடக்கும்போது, ஒரு பழைய ஜீப் வந்து சேர்ந்தது.

பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மானேஜர்கள் ஓட்டிய வண்டி அது. ஓட்டுவார் இல்லாமல் கொட்டகையில் கிடந்ததை அப்பா பேசி வாங்கி, லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்பக்கப் போர்ச்சில் இறக்கினார். வெள்ளிக்கிழமை வந்த வண்டியை ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரித்தும்விட்டார். அவர் பிரித்த வேகத்தைப் பார்க்கத் தெருவே வந்து நின்றது. கழற்றிய போல்ட்டுகளையும் நட்டுகளையும் பிஸ்கட் டின்களில் போட்டார். எது எதிலிருந்து வந்தது என்று எழுதி வைக்கவில்லை. எல்லாம் தலையில் இருப்பதாகச் சொன்னார்.

பிறகு அவருக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. தலையும் அவரோடு போய்விட்டது.

ஆரம்பத்தில் வாரம் தவறாமல் வந்தார். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்றானது. அவர் ஏன் வருவதில்லை என்பதற்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வீட்டுப்பாடம் முடிக்காத நாளில் எனக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காது. வாத்தியாருக்கு எதிரே போய் நிற்கக் கூசும். அப்பாவுக்கும் அப்படித்தான். வீட்டு வாசலிலேயே அரைகுறை வேலையாக ஜீப் நிற்கும்போது அவர் எந்த முகத்தோடு உள்ளே வருவார்?

ஒரு சனிக்கிழமை அவர் தொலைபேசியில் இந்த மாதமும் வர முடியாது என்றார். அதோடு, ஜீப் போர்ச்சை ஏன் அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டும், பழைய இரும்பு லோரியைக் கூப்பிட்டுத் தூக்கிப் போடச் சொல் என்றும் சொன்னார். அம்மா "சரி" என்று வைத்துவிட்டார்.

அந்த லோரி வாரம்தோறும் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு எங்கள் தெருவில் வரும். மறுநாள் அம்மா கை காட்டி நிறுத்தினார். இரண்டு பேர் இறங்கி, ஜீப்பின் முன் மூடியைத் தூக்கி லோரியில் சாய்த்தார்கள். அடுத்து பிஸ்கட் டின்களை எடுத்தார்கள். ஒரு டின்னின் அடிப்பாகம் துருப்பிடித்துப் பிய்ந்துபோய், போல்ட்டுகள் எல்லாம் சிமெண்டுத் தரையில் சிதறின. நான் ஓடிப்போய்ப் பொறுக்கத் தொடங்கினேன். அப்பா வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"அந்த மூடிய இறக்கி வைங்க" என்றார்.

"ஏன் அக்கா, வெல பத்தலையா?"

"விக்கல. இறக்குங்க."

லோரி போனபின் அம்மா உள்ளே போய்ப் பழைய டீ சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து, பாயை விரித்து, டின்களை எல்லாம் அதன்மேல் கவிழ்த்தார். அரிசியில் கல் பொறுக்குவதைப் போல இருவரும் உட்கார்ந்து பெரியது, சிறியது, நீளம், குட்டை என்று பிரித்தோம். அம்மா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணி. தன் சின்னக் காருக்குத் தண்ணீர் ஊற்றக்கூட எண்ணெய் நிலையத்துப் பையனைத்தான் கூப்பிடுவார். ஸ்பானருக்கு நம்பர் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஜீப்புக்கே போயின. எங்களுக்குப் புரியாததைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கடைக்குப் போவோம். கிள்ளானில் பழைய வண்டிச் சாமான் விற்கும் சீனர் ஒருவர் இருந்தார். நாளிதழில் சுற்றிய ஒரு கருப்பு ரப்பர் வளையத்தை அம்மா முதன்முதலாக மேசையில் வைத்தபோது, அவர் அதைப் பார்க்காமல் எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"புருசன் எங்க அக்கா? அவர வரச் சொல்லு லா. ஒனக்கு சொன்னா புரியாது."

"வந்திருக்கிறது நான்தான் பாஸ். எனக்கே சொல்லுங்க."

அவர் வேறு ஆட்களைக் கவனிக்கப் போய்விட்டார். அம்மா நகரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். எனக்குப் பசித்தது. கடைசியில் அந்த மனிதர், நாங்கள் போகப்போவதில்லை என்பது உறுதியானதும், பெருமூச்சு விட்டு ஒரு அட்டைப் பெட்டியை இறக்கி, அந்த வளையம் எங்கே எப்படி உட்காரும் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். அம்மா அதைத் தப்பாகவே மாட்டினார். அடுத்த வாரம் மறுபடி போனோம். அவர் மறுபடி படம் போட்டார்.

எத்தனையோ தப்புகள். எஞ்சினின் மேல்பகுதியைப் பட்டறையில் கொடுத்துச் சீர்செய்து வாங்கி, பாடுபட்டு மாட்டி முடித்த அன்று, பாயின் ஓரத்தில் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. "ஒண்ணுதானேம்மா" என்றேன். அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மாட்டியதை எல்லாம் மறுபடி கழற்ற ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வந்ததா என்று பார்க்கவில்லை.

எனக்குப் பிடித்த வேலை பிரேக்கில் காற்று எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெடலில், மற்றவர் சக்கரத்தின் அடியில். என் கால் எட்டாது. ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடி இருக்கையின் நுனிக்குச் சறுக்கிப் போய், இரண்டு காலாலும் அமுக்குவேன். அடியிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வரும்.

"அமுக்கு. பிடி. விடாத, விடாத. இப்ப விடு."

பெடல் முதலில் சேற்றில் மிதிப்பதுபோல உள்ளே போகும். காற்று வெளியேற வெளியேற இறுகும். ஒருவழியாக அது கல்லைப்போல நின்றபோது, "கல்லு மாதிரி இருக்கும்மா" என்று கத்தினேன். அம்மா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கறை. எங்கள் இருவருக்குமே அன்று ஏதோ பெரிய பரீட்சையில் தேறிய பெருமை.

அந்தச் சமயத்தில்தான் கேட்டேன்.

"அப்பா வந்ததும் இதுல நம்மள எங்க கூட்டிட்டுப் போவாரும்மா?"

"பதினாலாம் நம்பர் ஸ்பானர எடு" என்றார் அம்மா.

எஞ்சினை முதன்முதலாகக் கிளப்பிய நாள் ஒரு விபரீதம் நடந்தது. சாவியைத் திருப்பும்போது வண்டி கியரில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஜீப் ஒரு உறுமல் உறுமித் தாவியது. இரும்புக் கேட்டின் ஒரு கதவைப் பெயர்த்துக்கொண்டு போய், முன்சக்கரத்தை வாசல் சாக்கடையில் இறக்கிவிட்டு நின்றது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் சாரத்தோடு ஓடி வந்தார். அவருடைய பிள்ளைகளும், வழியில் போன இரண்டு மூன்று பேரும் சேர்ந்து பலகை கொடுத்துத் தூக்கினார்கள். பெரியவர் திரும்பிப் போகும்போது, "சிக்கிட் லாகி, காக்" என்றார். இன்னும் கொஞ்சம்தான் அக்கா என்று அர்த்தம். சாக்கடைக்குள் கிடந்து எழுந்த வண்டியைப் பார்த்து அப்படிச் சொன்ன மனிதரை நான் இன்றும் மறக்கவில்லை.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. ஒரு கதவு மட்டும் நின்ற கேட்டைக் கண்டதும் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேல? பிரிச்சவன் வந்து சேக்க மாட்டானா?"

அம்மா வளைந்த பம்பரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எப்ப வருவாருன்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணி. அதுவரைக்கும் நான் செஞ்சிக்கிட்டு இருக்கேன்."

அத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்த தேநீரை வெகுநேரம் ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே ஆறிப்போன தேநீர்.

சாலையில் ஓட்ட அனுமதி தரும் வண்டிச் சோதனையில் முதல் தடவை தோற்றோம். ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை, ஒரு விளக்கு எரியவில்லை. இரண்டாவது தடவை தேறினோம். அம்மா ஜீப்பை ஓட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

என் கணக்கு பொய்க்கவில்லை. இரண்டு வாரத்தில் அப்பா வந்தார்.

சனிக்கிழமை இரவு வந்து தூங்கியவர், காலையில் எழுந்ததும் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டினார், தடவினார். எட்டிப் பார்த்த பெரியவரிடம், தோட்டத்துக் கொட்டகையில் இதைப் பார்த்த மாத்திரத்திலேயே இதன் மதிப்பு தனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது. பிறகு அம்மாவிடம் திரும்பிச் சாவிக்குக் கை நீட்டினார்.

"நீங்க பின்னால ஏறுங்க" என்றார் அம்மா. "முன்னால பாப்பா உக்காரட்டும். அவ செஞ்ச வண்டி."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பின்னால் ஏறி, பக்கவாட்டுப் பலகை இருக்கையில் உட்கார்ந்தார்.

தெலுக் பங்லிமா காராங் வழியாகப் பந்திங் போனோம். அங்கே ஒரு கடையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு சாப்பிட்டோம். பிறகு வண்டி வாங்கிய தோட்டத்துச் செம்மண் பாதையில் அம்மா ஜீப்பை இறக்கினார். குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் அப்பா பின்னால் குதித்தார். அந்தக் காலத்தில் வெள்ளைக்கார மானேஜர் எப்படி ஓட்டினாராம், கங்காணி எப்படித் தொங்கிக்கொண்டு போனாராம் என்று நடித்துக் காட்டினார். பாதி அவரே இட்டுக்கட்டியது என்று இப்போது தெரிகிறது. அம்மா சிரித்தார். மனம்விட்டுத்தான் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. மோரிப் கடற்கரையில் அலை தூரத்தில் இருந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்று மணலில் நடந்தார். இனி எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

கிள்ளானுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் அம்மா திரும்பவில்லை. நேராகப் பேருந்து நிலையத்துக்கு ஓட்டிப் போய், ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

"ஆறு மணிக்கு ஜொகூர் பஸ் இருக்கு" என்றார்.

"நாளைக்குப் போறேனே" என்றார் அப்பா.

அம்மா இறங்கிப் பின்பக்கம் போனார். அப்பா உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய நீலப் பையை இழுத்தார். வெளியூர் போகும்போது எங்கள் மூன்று பேர் துணியும் சேர்த்து வைக்கும் பை. ஜிப் மூடாத அளவுக்கு நிறைந்திருந்தது. நாள் முழுக்க அப்பாவின் குதிகால் அதில்தான் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அப்பா பையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் வெச்சிட்டியா?"

"எல்லாம் இருக்கு. உங்க சர்ட்டிபிகேட்டெல்லாம் சைட்ல இருக்கு, மடங்காம பாத்துக்குங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா வேறெங்கும் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா என் தலையைக் கலைத்துவிட்டு, பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தார். முறுக்கும் அதிரசமும் வைத்திருப்பார் அம்மா, அதுதான் இவ்வளவு கனம் என்று நினைத்தேன். கண்ணுக்கு மறையும்வரை கை ஆட்டினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு மழைமரத்தின் அடியில் அம்மா வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, அசையாமல் இருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு தூரம் ஓடிய வண்டியில் எங்காவது வேறு சத்தம் வருகிறதா என்று கேட்கிறார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினேன். எந்தச் சத்தமும் இல்லை. சீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"ஆமா" என்றார் அம்மா. கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, கியரைப் போட்டார்.