விரலுக்கு எம்புட்டு?

"விரலுக்கு எம்புட்டு வாங்குவீக?" என்று அந்த அக்கா கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. விருதுநகரில் ஒரு மாடியறையைப் பிடித்து ஆக்குபேஷனல் தெரபி கிளினிக் நடத்துகிறேன். கை முடங்கியவர்களை மறுபடி அவரவர் வேலைக்குத் தயார்படுத்துவது என் பிழைப்பு. அதைப் போய் கத்தரிக்காய் மாதிரி விலை கேட்டால்?

அக்காவுக்குச் சிவகாசி அச்சகம் ஒன்றில் பேப்பர் எண்ணும் வேலை. பேப்பர்க் கட்டை விசிறிபோல விரித்து, ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ண வேண்டும். பஸ் படியில் தவறி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, விரல்கள்தான் விறைத்துப் போயிருந்தன. ஆடியில் காலண்டர் சீசன் ஆரம்பம். அதற்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"தடவைக்கு இம்புட்டுங்கிறீக. எத்தன தடவ வரணும்னு உங்களுக்கே தெரியாதுல்ல? நாங்க பீஸ் ரேட்டு ஆளுக. முடிச்ச வேலைக்குத்தான் துட்டு. நீங்களும் அப்பிடி வாங்குங்க, டாக்டரம்மா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உண்மையில் கிளினிக்கே தள்ளாடிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் இரண்டு மூன்று தடவை வருவார்கள், பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகிறதே என்று நின்றுவிடுவார்கள். அவர்கள் கையும் பாதியில் நிற்கும், என் வருமானமும் பாதியில் நிற்கும். வாடகை மட்டும் முழுசாகக் கேட்கும்.

"விரலுக்கு விலை கிடையாதுக்கா. எது எம்புட்டு மடங்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நீங்க வேலைக்குத் திரும்புற அன்னைக்கு மொத்தமாக் குடுங்க. திரும்பலைன்னா ஒத்தப் பைசா வேணாம்!" வாய் முந்திக்கொண்டது.

என் கணவர் வங்கியில் வேலை பார்ப்பவர். கேட்டதும் தலையில் கை வைத்தார். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? வாடகைய உங்கப்பாவா வந்து கட்டுவாரு?"

அதன்பிறகு என்ன பரபரப்பு, அப்பப்பா! முன்பெல்லாம் யாராவது வராவிட்டால் சரி போகட்டும் என்று இருந்துவிடுவேன். இப்போது விடிந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். மெழுகு ஒத்தடம் அது இது என்று நேரத்தை ஓட்டாமல், மேசையில் கழிவுப் பேப்பர் கட்டுகளை அடுக்கி எண்ண விட்டேன். ஒருநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனால், மகாராணி இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! வந்ததே கோபம். கொடியில் கிடந்த துண்டை உருவி, அந்த இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

"வலது கை வலிக்குது தாயீ!"

"கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். சோத்தப் பிசைங்க. நான் வாடகை கட்டணும்!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஆடி பிறப்பதற்கு முன்பே அச்சகத்துக்குப் போனோம். சூப்பர்வைசர் ஒரு பேப்பர்க் கட்டைத் தூக்கி மேசையில் போட்டார். அக்கா மூலையைப் பிடித்து முறுக்கினார். விரியவில்லை. மறுபடி முறுக்கினார். விரிந்தது! ஐந்து, ஐந்து, ஐந்து என்று பேப்பர் ஓடியது. சுண்டுவிரல் மட்டும் விறைப்பாக நின்றது, மற்ற நாலும் வேலை செய்தன. நான் குனிந்து குனிந்து பார்த்தேன்.

"டாக்டரம்மா, தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கீக."

எண்ணி முடித்ததும், "நாளைக்கே வந்துரும்மா" என்றார் சூப்பர்வைசர். அங்கேயே குதிக்கலாம் போலிருந்தது எனக்கு. அவ்வளவு சந்தோஷம்.

வாசலுக்கு வந்ததும் அக்கா சுருக்குப்பையைத் திறந்து நோட்டுகளை எடுத்தார்.

"சுண்டுவிரல் இன்னும் மடங்கலயே, அதுக்குக் கழிச்சுக்கிடவா?" என்று கேலி வேறு. பிறகு வலது கையாலேயே சரசரவென்று எண்ணி என் கையில் வைத்தார். "சரியா இருக்கா, பாத்தீகளா?"

எங்கே பார்த்தேன்? நோட்டுகளைத் தள்ளிய அந்தப் பெருவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டுகளை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"இன்னொரு தடவ எண்ணுங்கக்கா."