சுருட்டை முடியில் சிக்கிய தூண்டில் நரம்பு

எங்கள் கோப்பி ஸ்டாண்டர்ட் பூடல் இன நாய். தண்ணீரில் இறங்கி வேட்டையாடப் பழகிய இனம்தானே, நீச்சலுக்கு என்ன பயம் என்று நினைத்தோம். ஒரு ஞாயிறு காலை காஜாங்கிலிருந்து டெங்கில் பக்கம் உள்ள பழைய ஈயக்குளத்துக்கு, ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கியது, கூட்டிப்போய் அவிழ்த்துவிட்டோம். உற்சாகமாக நீந்தியவன், திரும்பும்போது ஒரே இடத்தில் நின்று தத்தளித்தான். தலை அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தது.

நீச்சல் தெரியாத என் கணவர் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"பாஸ், போகாதீங்க! ரொம்ப ஆழம் லா!" என்று கத்திக்கொண்டே, அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தன் சம்பான் படகைத் திருப்பினார். "அக்கா, நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க!"

என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டார். நான் தொண்டை அடைக்கும்வரை கூப்பிட்டேன். படகிலிருந்தவர் கழுத்துப்பட்டையைப் பிடித்து, காலில் மாட்டியிருந்ததைக் கத்தியால் அறுத்து, கோப்பியைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

கரையில் வைத்துப் பார்த்தோம். யாரோ விட்டுப்போன நைலான் தூண்டில் நரம்பு, நான் சீவாமல் அடர்த்தியாக வளரவிட்ட முடிக்குள் தோல்வரை இறுகியிருந்தது. கத்தரிக்கோலால்தான் எடுக்க முடிந்தது.

இப்போது கால் முடியை ஒட்ட வெட்டிவிடுகிறேன். லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் தண்ணீரில் விடுவதில்லை. கோப்பிக்குக் குளத்தின் மேல் ஆசை கொஞ்சமும் குறையவில்லை. அவன் காருக்குள் இருந்து குரைத்து அவசரப்படுத்த, நாங்கள் இருவரும் முதலில் கரையோரம் நடந்து நரம்புகளைப் பொறுக்குகிறோம்.