ஆன்டெனா இல்லாத ரௌட்டர்

இன்று ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கேபிள் வாங்கப் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். பட்டாளத்தில் இருந்தவராம், மடவார் வளாகத்தில் புதுவீடு கட்டியிருக்கிறாராம். மகளைக் கொடுத்த இடத்திலிருந்து சம்பந்தி நாளைக்கு முதல்முறையாக வருகிறார். அதற்குள் வீட்டில் வைஃபை மாட்டியாக வேண்டும்.

கடைக்காரர் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தார். பார்க்க டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது.

"வைஃபை செவன் சார். மாடி வரைக்கும் எடுக்கும்."

பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆன்டெனா எங்க?"

"உள்ளயே இருக்கு சார். இனிமே வாரதெல்லாம் இப்படித்தான் வரும்."

"உள்ள இருந்தா எவனுக்குத் தெரியும்? சம்பந்தி வீட்டுல ஆறு ஆன்டெனா நிக்குது. இதப் பாத்தா அவிய என்னைய என்ன நெனப்பாக?"

குரலில் விளையாட்டே இல்லை. உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார்.

கடைக்காரர் சற்று யோசித்தார். பிறகு பழுதாகிக் கிடந்த ரௌட்டர்களிலிருந்து எட்டு ஆன்டெனாக்களைக் கழற்றி, டப்பாவைச் சுற்றி டேப் போட்டு ஒட்டினார். எதற்கும் உள்ளே இணைப்பு கிடையாது.

அங்கேயே கடை இணைப்பில் மாட்டி ஆன் செய்ததும், பெரியவர் தன் செல்போனில் பார்த்தார்.

"இப்பத்தான் ஸ்பீடு வருது" என்றார்.

கடைக்காரர் பில் போட ஆரம்பித்தார்.

நான் கேபிளைக் கேட்க வாயெடுப்பதற்குள், அப்போதுதான் உள்ளே வந்த ஒரு மில் மேனேஜர் அந்த டப்பாவைக் காட்டி, "எங்க ஆபீசுக்கு இந்த எட்டு ஆன்டெனா மாடல்ல நாலு குடுங்க" என்றார்.

யார் வீட்டிலாவது பழைய ரௌட்டர் சும்மா கிடந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அவசரமாக முப்பத்திரண்டு ஆன்டெனா தேவைப்படுகிறது.