சீட்டு கிழிக்க மறுத்த டர்னர்

பாலக்கரையில் தர்மராஜின் இரும்புப் பட்டறையில் அமிர்தசாமி பதினோரு வருஷம் டர்னராக, லேத் என்கிற கடைசல் இயந்திரத்தை ஓட்டினார். பம்புசெட்டில் ஏதாவது தேய்ந்துபோனால் வையம்பட்டியிலிருந்துகூட விவசாயிகள் அவரைத் தேடி வருவார்கள்.

1958இல் தர்மராஜ் கொள்ளிடத்தில் மணல் குத்தகை எடுத்தார். ஏலத்துக்கு முந்தின இரண்டு மாதம் அவர் பட்டறைப் பக்கமே வரவில்லை. செல்வாக்குள்ளவர்கள் வீட்டு வாசலில் நின்றார். குத்தகை கிடைத்ததும் பட்டறையைப் பூட்டினார். அமிர்தசாமியோடு சேர்த்து ஒன்பது பேருக்கு வேலை போயிற்று, சம்பளமும் பாக்கி. அவருக்கு மட்டும் தர்மராஜ் வேறு வேலை கொடுத்தார். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கரையில் உட்கார்ந்து, மணலோடு ஏறிவரும் ஒவ்வொரு மாட்டுவண்டிக்கும் காசு வாங்கிச் சீட்டு கிழிக்க வேண்டும். பட்டறையைவிடக் கூடுதல் சம்பளம்.

மூன்றாம் நாள் இருசம்மாள் என்பவள் ஓட்டிவந்த வண்டி கரையேற்றத்தில் புதைந்தது. அமிர்தசாமி இறங்கிப்போய்ச் சக்கரத்தைத் தள்ளினார். மேலே வந்ததும் அவள் காசை நீட்டினாள்.

"மணலை ஆறு கொண்டாந்துச்சு. அள்ளினது நானு. இழுத்தது என் மாடு. இந்தப் பாதையில ஒரு கூடை செங்கல்லாவது கொட்டினாரா உங்க முதலாளி? அவரு என்னங்க செஞ்சாரு?"

அமிர்தசாமி அன்றைக்கே சீட்டுக் கட்டைக் கொண்டுபோய் தர்மராஜ் முன்னால் வைத்தார்.

"இது எனக்கு வேணாங்க. பட்டறையைத் திறங்க."

"கிறுக்கா உனக்கு? பட்டறைன்னா ஆளைக் கட்டி மேய்க்கணும், வேலை பிடிக்கணும். ஆறு கூலி கேக்காது. லேத்தை எடைக்குப் போடப் போறேன்."

"விடமாட்டேன். எடைக்கு என்ன விலையோ அதை நானே தர்றேன். என் பாக்கியைக் கழிச்சுக்குங்க. இல்லேன்னா ஒம்பது பேரும் லேபர் ஆபீஸ் வாசல்ல நிப்போம்."

"வாங்கி வச்சு என்ன பண்ணுவ?"

"வேலை பண்ணுவேன்."

இருசம்மாளும் இன்னொரு வண்டிக்காரரும் லேத்தைப் பகுதி பகுதியாகத் தென்னூருக்கு ஏற்றிவந்தார்கள். ஒரு தகரக் கொட்டகையில் அது ஓடத் தொடங்கியது. கரண்ட் இணைப்பு வர ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை பழைய ஆயில் எஞ்சினில் பெல்ட் மாட்டி ஓட்டினார். தர்மராஜ் இடத்துக்காரரைவிட்டு இரண்டு முறை காலி செய்யச் சொல்லவைத்தார். அமிர்தசாமி நகரவில்லை.

திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலை எழும்பியபோது சில்லறைக் கடைசல் வேலைகள் தென்னூருக்கும் வந்தன. இரண்டாவது லேத் வாங்கினார். ஐந்து பேர் வேலைக்கு இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குத்தகை தர்மராஜின் கையைவிட்டுப் போனது. அவரைவிடப் பெரிய வாசல்களில் நிற்கத் தெரிந்தவர் வந்துவிட்டார். தர்மராஜ் காரில் தென்னூருக்கு வந்து இறங்கினார்.

"அடுத்த ஏலத்துல சேர்ந்து கேப்போம். நீ பணம் போடு. ரெண்டே வருஷத்துல இந்தக் கொட்டகையே உனக்கு வேண்டியிருக்காது."

அமிர்தசாமி லேத்தை நிறுத்தவில்லை.

"எனக்குக் கொட்டகை வேணுங்க. பணம் இருந்தா மூணாவது லேத் வாங்குவேன்."

அந்த வருஷம் மூன்றாவது லேத் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. கேட்டவர்களிடம் "வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரோரமாக அதற்கு இடம் விட்டு வைத்திருந்தார்.